முதல் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்

ஒரகடம் பக்கம் ஒரு வெண்டர் கம்பெனியில் வெல்டிங் பார்க்கிறவருக்கு இரவானால் இருமல். மூச்சு இழுக்கிறது. ஷிப்ட் முடிந்து வரும் வழியில் தனியார் கிளினிக்கில் நெபுலைசர் வைத்துக்கொள்கிறார், காசைக் கொடுக்கிறார், மறுநாள் வேலைக்குப் போகிறார். இப்படியே இரண்டு வருடம் ஓடுகிறது. மாடிப்படி ஏற முடியாமல் வேலையை விட்டு நின்ற பிறகுதான், "ஈஎஸ்ஐயில் ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்கிறார். கையில் ஒரு கட்டு மருந்துச் சீட்டு இருக்கிறது. ஒன்றில்கூட அவர் வெல்டர் என்று எழுதியிருக்காது.

இன்னொருவர் மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே லோடு ஏற்றும்போது சுருண்டு விழுகிறார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது உயிர் இல்லை. "ஹார்ட் அட்டாக்" என்று யாரோ சொல்கிறார்கள். காண்ட்ராக்டரே வண்டி பிடித்து உடலைச் செய்யாறுக்கோ ஒடிசாவுக்கோ அனுப்பிவிடுகிறார். எரித்தாகிவிட்டது. காரியமெல்லாம் முடிந்தபின் குடும்பம் வந்து நின்று, வெயிலில் செத்தால் அரசாங்கம் 4 லட்சம் தருமாமே என்று கேட்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் வரை இந்த இரண்டு கதையும் ஆள் மாறி, கம்பெனி மாறி நடந்துகொண்டே இருக்கின்றன. நோய் உண்மை, மரணமும் உண்மை. ஆனால் முதல் நாளில், முதல் சீட்டில் எழுதியிருக்க வேண்டிய ஒரு வரி இல்லாததால் உரிமை கைநழுவிப் போகிறது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

ஆபத்து எங்கே என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்போனில் "சென்னை காற்றின் தரம்" என்று வரும் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் நிறையப் பேர். அந்த எண் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற இடங்களில் உள்ள கருவிகள் காட்டுவது. உங்கள் தெருவில் டிப்பர் கிளப்பும் புழுதிக்கோ, உங்கள் பெயிண்ட் ஷாப்பில் மிதக்கும் பெயிண்ட் சாரலுக்கோ அதில் கணக்கு இல்லை. பி.எம். 2.5 என்ற நுண்துகள் ஒரு நாள் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது 2009இல் வந்த நம் நாட்டுத் தரநிலை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15. இதுவே ஊர்க் காற்றுக்கான கணக்குத்தான்; பட்டறைக்குள் இருப்பது வேறு.

வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. வண்டிகளுக்கு அடிக்கும் இரண்டு பாகப் பெயிண்டில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஆஸ்துமாவை வரவழைக்கும். ஆபத்தான அளவில் இருந்தாலும் மூக்குக்குத் தெரியாமல் போகலாம். சிலருக்கு வேலை நேரத்தில் ஒன்றும் இருக்காது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு நெஞ்சு இறுகும். அதனாலேயே வேலைக்கும் நோய்க்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றுவதில்லை. முகத்தில் கட்டும் கைக்குட்டையும், மருந்துக்கடையில் வாங்கும் நீல நிற மாஸ்க்கும் இந்த ஆவியைத் தடுக்காது. திரும்பவும் சொல்கிறேன், தடுக்காது. அதற்கென உள்ள வடிகட்டியோடு கூடிய முகக்கவசத்தையோ, குழாய்வழி நல்ல காற்று தரும் கவசத்தையோ தர வேண்டியது கம்பெனி.

இப்போது ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். காண்ட்ராக்ட் ஆளுக்கும் இதுதான். ஆனால் டிஸ்பென்சரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று தனியாரிடம் போய்விடுகிறார்கள். சூப்பர்வைசரும் அதையே விரும்புகிறார், ஏனென்றால் பதிவு இருக்காது.

ஈஎஸ்ஐயில் "சாதாரண நோய்" என்று பதிவானால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரைதான். அதற்கும் ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் சந்தா இருக்க வேண்டும். "தொழிலால் வந்த நோய்" என்று பதிவானால் 90 சதவீதம், வேலை செய்ய முடியாத நாள் வரைக்கும். சந்தா நாள் கணக்கு கிடையாது. நிரந்தரமாக உடல்திறன் குறைந்தால் அதற்குத் தனியாக மாதந்தோறும் பணம் உண்டு. ஒரே இருமல்தான். சீட்டில் எழுதியிருக்கும் வார்த்தைதான் வித்தியாசம்.

வேலையிடத்து ஒவ்வாமைப் பொருளால் வரும் ஆஸ்துமா, சிலிக்கா தூசியால் வரும் சிலிகோசிஸ், கடும் வெப்பத்தால் வரும் நோய் ஆகிய மூன்றும் ஈஎஸ்ஐக்கான சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோய்களாகவே இருக்கின்றன. கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு.

ஆகவே டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் மருந்து கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்: "சார், நான் பாடி ஷாப்பில் நாலு வருஷமா வெல்டிங் பாக்குறேன். லீவு நாள்ல இருமல் குறையுது, வேலைக்குப் போனா கூடுது. இதை ஓபி சீட்டுல எழுதுங்க." வரிசை நீளமாக இருக்கும், டாக்டர் எரிச்சல்படுவார். எழுதாமல் எழுந்திருக்காதீர்கள். அந்தச் சீட்டை அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

இன்னொரு சான்றை உங்கள் கையாலேயே உண்டாக்கலாம். பீக் ஃப்ளோ மீட்டர் என்று ஒரு சின்னக் குழாய் மருந்துக்கடையில் கிடைக்கும். பலமாக ஊதினால் ஒரு எண் காட்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை ஊதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். வேலை நாள், வாரவிடுமுறை, ஊருக்குப் போன நாள் எல்லாவற்றிலும் எழுதுங்கள். நாலு வாரம் எழுதினால், வேலை நாளில் எண் இறங்குவதும் விடுமுறையில் ஏறுவதும் கண்ணுக்குத் தெரியும். நுரையீரல் டாக்டர்கள் இந்த நோட்டை மதிப்பார்கள். அதையும் எடுத்துக்கொண்டு, சென்னை கே.கே. நகர் ஈஎஸ்ஐ மருத்துவமனையில் உள்ள தொழில்நோய் மையத்துக்கு அனுப்பச் சொல்லி டிஸ்பென்சரியில் எழுத்தில் கேளுங்கள். தொழில் நோயா இல்லையா என்று முடிவு சொல்வது சிறப்பு மருத்துவக் குழு. முடிவு பாதகமாக வந்தால் மேல்முறையீடு உண்டு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. கடிதம் வந்த தேதியைக் குறித்துவையுங்கள்.

அட்டவணையில் சில நோய்களுக்கு, அந்த வேலையைத் தொடர்ந்து ஆறு மாதமாவது பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. இங்கேதான் காண்ட்ராக்ட் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அதே லைனில் அதே வேலையைப் பார்ப்பார்கள், காண்ட்ராக்டர் பெயர் மட்டும் மாறியிருக்கும். ஒவ்வொரு காண்ட்ராக்டரின் சம்பளச் சீட்டு, கேட் பாஸ், ஐ.டி. கார்டு எதையும் தூக்கி எறியாதீர்கள். ஐ.பி. நம்பர் என்ற ஈஎஸ்ஐ காப்பீட்டு எண் ஒன்றேதான் தொடர வேண்டும். புதுசு புதுசாக நம்பர் போட்டால் உடனே எழுதிக் கொடுத்து இணைக்கச் சொல்லுங்கள்.

வெப்பத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் கடல் காற்று தாமதமாகத்தான் வந்து சேரும், ஈரப்பதம் மட்டும் குறையாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அச்சுக்கும் அடுப்புக்கும் பக்கத்தில், காற்றோட்டமில்லாத ஷெட்டில், வியர்வை வழியுமே தவிர காயாது. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, ஆள் உளறவோ தடுமாறவோ தொடங்கினால் அது வெறும் மயக்கம் அல்ல, ஹீட் ஸ்ட்ரோக். அப்போதும் வியர்த்துக்கொண்டே இருக்கலாம், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிற பழக்கமும் இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலின் குழு, தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களை ஆராய்ந்து, இப்படிப்பட்ட வெப்பமும் நீரிழப்பும் சிறுநீரகத்தைப் பாதிப்பதைப் பதிவு செய்திருக்கிறது. உப்பளத்துக்குச் சொன்னது வார்ப்படப் பட்டறைக்கும் பொருந்தும்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்குப் பேரிடர் நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் உண்டு. ஆனால் மரணத்துக்குக் காரணம் வெப்பம் என்று உரிய அதிகாரி சான்று தர வேண்டும். அந்தச் சான்று எங்கிருந்து வரும்? பிரேதப் பரிசோதனை இல்லாமல் கிடைப்பது கடினம். உடம்பை அறுக்க வேண்டாம் என்று குடும்பம் கெஞ்சுவதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அந்தக் கெஞ்சலைக் காரணமாக வைத்து உடலை அவசரமாக அனுப்பிவைக்கும் காண்ட்ராக்டரையும், கேள்வி கேட்காமல் "இதயம் நின்றது" என்று எழுதிக் கொடுப்பவரையும் மன்னிக்க முடியவில்லை. இதயம் நிற்காமல் யார் இறக்கிறார்கள்?

வேலையிடத்தில் ஒருவர் விழுந்து இறந்தால் உடலை ஊருக்கு எடுத்துப்போகும் முன் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194ஆம் பிரிவில் (பழைய 174) வழக்குப் பதிந்து, அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், கூரை என்ன, எத்தனை மணி நேரம் வேலை, விழுமுன் உளறினாரா என்பதெல்லாம் புகாரில் இருக்கட்டும். மருத்துவமனையில் உடல் வெப்பநிலையைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போனால் அந்த எண்ணுக்குப் பயன் குறைந்துவிடும். பிறகு பிரேதப் பரிசோதனை அறிக்கை, முதல் தகவல் அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நான்கையும் வைத்து வட்டாட்சியருக்கும், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் காஞ்சிபுரம் ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

இந்த 4 லட்சத்தோடு நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் பெரிய வேதனை. ஈஎஸ்ஐ உள்ளவர் வேலையால் இறந்தால், அவர் சராசரிக் கூலியில் 90 சதவீதம் சார்ந்தோர் உதவியாக மாதாமாதம் பிரித்துத் தரப்படும். மனைவிக்கு அவர் ஆயுள் வரை, மறுமணம் செய்யாதவரை கிடைக்கும். ஈமச்செலவுக்கு 15,000 ரூபாய் தனி. சார்ந்தோர் உதவிக்கு முதலாளி விபத்து அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும். விபத்தை வாயால் சொன்னாலே போதும் என்று விதி இருக்கிறது. நீங்கள் அதை நம்ப வேண்டாம். சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு ஒப்புகையோடு பதிவுத் தபால் அனுப்புங்கள்.

வேலைக்குப் போகாதவர்களையும் தூசி விடுவதில்லை. எருமையூர், திருமுக்கூடல், மதூர் பக்கத்துக் கிரஷர்களையும் லாரிகளையும் பற்றி ஊர்க்காரர்கள் மனு கொடுத்துச் சலித்துவிட்டார்கள். மனு எழுதும் விதத்தில் பாதித் தவறு இருக்கிறது. "தூசியால் அவதிப்படுகிறோம், நடவடிக்கை எடுங்கள்" என்று எழுதினால், "ஆய்வு செய்யப்பட்டது, விதிமீறல் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். கிரஷர் என்றால் தூசி அடக்கும் அமைப்பு, காற்றுத் தடுப்புச் சுவர், வளாகத்துக்குள் கெட்டியான சாலை, தரையைக் கூட்டி ஈரப்படுத்துதல், மரவேலி ஆகியவை இருக்க வேண்டும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. இவற்றில் எது இல்லை, எந்த ஆலை, எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுதி, தேதியுள்ள படத்தோடு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஸ்ரீபெரும்புதூர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குக் கொடுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, அந்த ஆலைக்குக் காற்றுச் சட்டத்தில் தந்த இயக்க இசைவாணையின் நகலையும் கடைசிக் காற்றுத் தர அறிக்கையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். இசைவாணையில் ஒவ்வொரு நிபந்தனையும் எண் போட்டு இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அதிகாரி பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் சேப்பாக்கம் கலச மஹாலில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். வக்கீல் இல்லாமலும் மனு போடலாம்; இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் பிரச்சினை தொடங்கி ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீட்டுக்கு ஐந்து வருடம். அந்த ஆறு மாதத்தையும் அலுவலகங்களுக்கு அலைந்தே தொலைக்கிறவர்கள் ஏராளம். முதல் மனு கொடுத்த அன்றே காலண்டரில் கடைசி நாளைக் குறித்துவிடுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்திருக்கிறது. "பழைய சட்டமெல்லாம் போயிற்று" என்று எச்.ஆர். சொன்னால் நம்பி வெளியே வராதீர்கள். சட்டத்தின் பெயரும் பிரிவு எண்களும் மாறியிருக்கின்றன; ஆனால் தொழில் நோய்க்கும் வேலைக் காயத்துக்கும் உள்ள இழப்பீடு புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது. பட்டறைக்குள் புகை, தூசி, வெப்பம் பற்றிய புகாரைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் இணை இயக்குநருக்கு அனுப்பலாம். பெயர் சொல்லப் பயமாக இருந்தால் சங்கத்தின் வழியாக அனுப்புங்கள்.

கடைசியாக டிரெய்னிகள். பாலிடெக்னிக் முடித்த கையோடு பெயிண்ட் ஷாப்பில் நிற்கும் பிள்ளைகளிடம் "உனக்கு ஈஎஸ்ஐ கிடையாது, அதனால் ஒன்றும் கிடையாது" என்று சொல்லிவிடுகிறார்கள். முதல் பாதி சரியாக இருக்கலாம். இரண்டாம் பாதி பொய். அப்ரன்டிஸ் சட்டத்தில் பயிற்சி பெறுபவருக்குக் காயமோ தொழில் நோயோ வந்தால், முதலாளிதான் தொழிலாளர் இழப்பீட்டு விதிகளின்படி பணம் கொடுக்க வேண்டும். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டி ஈஎஸ்ஐக்கு வெளியே போனவர்களுக்கும் அதே வழிதான். தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியிடம் இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். பயிற்சி ஒப்பந்தத்தின் நகல் உங்களிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே எழுத்தில் கேளுங்கள். வேலை போன பிறகு கேட் உள்ளேயே விடாது.