குழாய்த் தண்ணீரை மீன் குட்டையில் விடலாமா?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற ஊர் திருமுக்கூடல். மூன்று ஆறுகள் கூடினாலும், ஆண்டில் பெரும்பகுதி அங்கே கண்ணில் படுவது மணல்தான். காஞ்சிபுரம் வட்டாரத்தில் வீட்டுக் கொல்லையில் குட்டை வெட்டியோ, சிமெண்டுத் தொட்டி கட்டியோ மீன் வளர்ப்பவர்களுக்குச் சித்திரை, வைகாசியில் நீர்க் கவலை வந்துவிடுகிறது.

குட்டையில் நீர் அரை அடி இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் குழாயில் தண்ணீர் வருகிறது. ரப்பர் குழாயை மாட்டிக் குட்டையில் விட்டுவிட்டுக் கழனிக்கோ தறிக்கோ போய்விடுகிறீர்கள். மதியம் வந்து பார்த்தால், ஆறு மாதம் தீவனம் போட்டு வளர்த்த கட்லாவும் ரோகுவும் வயிறு தெரிய மிதக்கின்றன. மீனுக்கு நோய் ஏதும் இல்லை. யாரும் நஞ்சு கலக்கவும் இல்லை. நாம் நம்பிக் குடிக்கும் அதே தண்ணீர்தான் மீனைக் கொன்றது. இதை எளிதாகத் தவிர்க்கலாம். அதற்கான வழியைக் காண்போம்.

குளோரின் மீனை என்ன செய்கிறது?

மேல்நிலைத் தொட்டியில் நோய்க் கிருமிகளைக் கொல்வதற்காகப் பிளீச்சிங் பவுடர் எனப்படும் சலவைத்தூளையோ, வேறு குளோரின் மருந்தையோ கலக்கிறார்கள். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். தொட்டிக்கு அருகிலுள்ள வீடுகளில் இது கூடுதலாகவும் இருக்கும்.

நாம் குடிக்கும்போது இந்தச் சிறிதளவு குளோரின் வாயிலும் வயிற்றிலும் உள்ள பொருள்களோடு சேர்ந்து செயலிழந்து போகிறது. மீனின் நிலை வேறு. அது செவுள் வழியாக மூச்சு விடுகிறது. செவுளின் மெல்லிய இதழ்களைக் குளோரின் நேராகச் சுட்டுவிடுகிறது. பிறகு நீரில் பிராணவாயு இருந்தும் மீனால் அதை எடுக்க முடிவதில்லை. லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டாமல் இருப்பதே மீனுக்கு நல்லது.

குளோரினின் வேகத்தை அறிய இன்னொரு செய்தி உண்டு. குஞ்சு விடுமுன் குளத்திலுள்ள களை மீன்களை ஒழிக்க, ஓர் எக்டேர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள நீருக்கு 350 கிலோ சலவைத்தூள் இடும் முறை நெடுநாளாக வழக்கத்தில் இருக்கிறது. களை மீனைக் கொல்லும் மருந்தும், நம் குடிநீரில் கலக்கும் மருந்தும் ஒன்றே. அளவு மட்டுமே வேறு.

விரால் மேலே வந்து காற்றை உறிஞ்சும் மீன். அதனால் பிராணவாயுக் குறைவைத் தாங்கும். ஆனால் குளோரினையும் தாங்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

சிறு தொட்டியில் ஆபத்து அதிகம்

20 அடி நீளம், 15 அடி அகலம், 4 அடி ஆழம் உள்ள குட்டையில் சுமார் 34,000 லிட்டர் நீர் நிற்கும். இதில் 700 லிட்டர் குழாய் நீர் சேர்ந்து நன்றாகக் கலந்தால் குளோரின் மிகவும் நீர்த்துப் போகும். 1,000 லிட்டர் சிமெண்டுத் தொட்டியின் கணக்கு வேறு. அதில் 700 லிட்டர் பழைய நீர் இருக்க, லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் உள்ள புதுநீர் 300 லிட்டர் சேர்த்தால், தொட்டி முழுதும் 0.15 மில்லிகிராம் ஆகிவிடும். மீன் பிழைப்பது அரிது.

பெரிய குட்டை என்றாலும் கவனம் வேண்டும். புதுநீர் விழும் இடத்துக்கு மீன் கூட்டமாக வருவது இயல்பு. அங்கேதான் குளோரின் செறிவாக இருக்கும். மேலும், தீவன மிச்சமும் மீன் கழிவும் மிகுந்த குட்டையில் அம்மோனியா இருக்கும். குளோரின் அதனோடு சேர்ந்தால் குளோரமின் என்ற பொருளாக மாறுகிறது. அதுவும் நஞ்சே, எளிதில் காற்றில் போகவும் போகாது. ஆகவே குளோரினைக் குட்டைக்கு வெளியிலேயே போக்கிவிட வேண்டும்.

நீரை ஆற வைத்து விடுங்கள்

1. வாய் அகன்ற சிமெண்டுத் தொட்டியிலோ, மூடியில்லாத பீப்பாய்களிலோ நீரைப் பிடித்து வெயில் படும்படி திறந்து வையுங்கள். நல்ல வெயிலில் ஒரு முழு நாள், மேகமூட்டத்திலோ நிழலிலோ இரண்டு நாள் இருக்கட்டும். மூடி வைத்த நீரில் குளோரின் எளிதில் போகாது.

2. நாளுக்கு மூன்று நான்கு முறை குச்சியால் கலக்கிவிடுங்கள். வாளியில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் இன்னும் நல்லது. குளோரின் வெளியேறும், பிராணவாயு சேரும்.

3. வெயிலில் சூடேறிய நீரை உடனே விட வேண்டாம். இரவில் ஆறவிட்டு, மறுநாள் காலை 8 மணிக்கு மேல் விடுங்கள். குட்டை நீரில் ஒரு கை, புதுநீரில் ஒரு கை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியக் கூடாது.

4. மெதுவாக விடுங்கள். ஒரே நாளில் குட்டை நீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்காதீர்கள்.

5. மேல்நிலைத் தொட்டியைக் கழுவி மருந்திட்ட நாளில் வரும் நீரை மீனுக்குப் பிடிக்காதீர்கள். மருந்திடும் நாளைத் தொட்டி இயக்குபவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் குளோரின் அளக்கும் பெட்டி இருந்தால், நீங்கள் ஆற வைத்த நீரை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். உங்கள் தொட்டிக்கு எத்தனை நாள் வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

அவசரத்துக்கு ஹைப்போ

காத்திருக்க முடியாதபோது சோடியம் தயோசல்பேட் என்ற உப்பு உதவும். ஹைப்போ என்ற பெயரில் முன்பு புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய படிக உப்பு இதுவே. வண்ணமீன் கடைகளில் கிடைக்கும்.

ஒரு கிராம் குளோரினை முறிக்க ஏறத்தாழ 7 கிராம் ஹைப்போ தேவை. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் குளோரின் உள்ள 1,000 லிட்டர் நீருக்கு 10 கிராம் இட்டால் போதும். 100 கிராம் உப்பை ஒரு லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டால் அளப்பது எளிது. 200 லிட்டர் பீப்பாய்க்கு இந்தக் கரைசல் 20 மில்லி, 1,000 லிட்டருக்கு 100 மில்லி. நன்றாகக் கலக்கிக் கால் மணி நேரம் விட்டு, பிறகு பயன்படுத்துங்கள்.

ஓர் எச்சரிக்கை. சோடியம் ஹைப்போகுளோரைட் என்று கடையில் விற்பது குளோரின் மருந்து. ஹைப்போ என்று பாதிப் பெயரைச் சொல்லி அதை வாங்கிவந்து ஊற்றினால் மீன் முழுதும் போய்விடும். தயோசல்பேட் என்று முழுப் பெயரையும் சொல்லி வாங்குங்கள்.

விடியலில் மீன் வாய் பிளந்தால்

கோடையில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது பிராணவாயுக் குறைவின் அடையாளம். பலரும் பதறிக் குழாயைத் திறந்துவிடுவது அப்போதுதான். மூச்சுத் திணறும் மீனுக்குச் செவுளும் வெந்தால் அதற்குப் பிழைக்க வழி ஏது? குட்டை நீரையே மோட்டாரால் இறைத்து, அதிலேயே மழைபோல் விழச் செய்யுங்கள். மோட்டார் இல்லையேல் வாளியால் மொண்டு ஊற்றுங்கள். அன்று தீவனம் போட வேண்டாம்.

குழாய் நீரைத் தவறி விட்டுவிட்டால் முதலில் குழாயை மூடுங்கள். எத்தனை லிட்டர் விட்டோம் என்று மதிப்பிட்டு, 1,000 லிட்டருக்கு 10 கிராம் வீதம் ஹைப்போவைக் கரைத்து, நீர் விழுந்த பக்கத்தில் அதிகமாகவும் மற்ற இடங்களில் பரவலாகவும் தெளியுங்கள். நீரை இறைத்துக் காற்றூட்டுங்கள். செத்த மீன்களை உடனே அகற்றுங்கள்.

மற்ற நீர்கள்

ஆழ்குழாய்க் கிணற்று நீரில் குளோரின் இராது. ஆனால் பிராணவாயு குறைவு, கரியமிலவாயு மிகுதி. மூன்றடி உயரத்திலிருந்து கல்லின் மேல் விழுந்து சிதறி, பிறகு குட்டையில் சேரும்படி செய்யுங்கள். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் இட்டு வேகவைத்த நீரையும், சாயம் அலசிய நீரையும் எந்த நிலையிலும் குட்டைப் பக்கம் திருப்பாதீர்கள். புதிதாகக் கட்டிய சிமெண்டுத் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் இறங்கும். இரண்டு வாரம் நீர் நிரப்பிப் பலமுறை மாற்றிய பிறகே மீன் விடவும், நீர் ஆற வைக்கவும் அதைப் பயன்படுத்தலாம்.

குடிநீரும் மிச்சமாகட்டும்

மேலே சொன்ன குட்டையில் நீர் ஓர் அங்குலம் இறங்கினால் 700 லிட்டர் போயிற்று என்று பொருள். கடும் கோடையில் ஆவியாகிப் போவதே நாளொன்றுக்கு 200 லிட்டர் அளவில் இருக்கும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். அதில் முக்கால் பங்கை மீன் குட்டை குடித்துவிட்டால் வீட்டில் உலை வைக்க என்ன செய்வது?

ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரை நீரைக் குட்டைக்கே திருப்பி, கரை நிரம்ப வைத்துக்கொள்ளுங்கள். குட்டையின் மேற்கே நிழலுக்கு இரண்டு முருங்கை வையுங்கள். கோடைக்கு முன்பே பெரிய மீன்களைப் பிடித்து விற்று எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள். குழாய் நீரைக் கடைசித் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். அதையும் ஒரு நாள் வெயிலில் ஆற வைத்தே விடுங்கள். ஆறு மாத உழைப்பைக் காக்க இந்த ஒரு நாள் பொறுமை போதும்.

மேலும் விவரம் வேண்டுவோர் மீன்வளத் துறை அலுவலகத்தையோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.