சென்னையிலிருந்து தென்காசிக்கு வீடு மாற்றமா? லாரி வருவதற்குள் ரூ.55 ஆயிரம் காலி!

தென்காசி, மே.–

"லாரிக்கு எவ்வளவு ஆகும்?"

வெளியூருக்கு வீடு மாற்றப் போகிற எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பலர் கேட்கிற கடைசிக் கேள்வியும் இதுதான். அங்கேதான் கணக்கு உதைக்கிறது!

லாரி வாடகை பெரிய செலவுதான். ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற செலவு. கண்ணுக்குத் தெரியாமல் கையைக் கடிக்கிற செலவு வேறே இருக்கிறது.

ஒரு காலத்தில் தென்காசிக்காரர்கள் மெட்ராசுக்குப் போவார்கள். திரும்பி வருவது பொங்கலுக்கும் கோவில் கொடைக்கும்தான். இப்போது எதிர்ப்பக்கமும் குடும்பங்கள் வருகின்றன.

2011–ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ கம்ப்யூட்டர் மென்பொருள் கம்பெனி ஆபீஸ் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019–ல் அமெரிக்காவிலிருந்து அந்தக் கிராமத்துக்கே குடிவந்துவிட்டார். அதே 2019 நவம்பர் 22–ந்தேதி நெல்லையிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. கலெக்டர் ஆபீஸ், போலீஸ் சூப்பிரண்டு ஆபீஸ் என்று வரிசையாக வந்தன. ஆபீஸ் வந்தால் ஆட்கள் வரவேண்டும். ஆட்கள் வந்தால் கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் பின்னாலேயே வரவேண்டும்.

சென்னைக்கும் தென்காசிக்கும் நடுவே 600 கிலோ மீட்டருக்கு மேல் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மயிலாப்பூருக்கு மாறுவது போல, மறந்த சாமானை மறுநாள் ஸ்கூட்டரில் போய் எடுத்துவர முடியாது.

இரட்டைச் செலவு மாதம்

ஒரு குமாஸ்தா குடும்பத்தை உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வாடகை ரூ.15 ஆயிரம். தென்காசியில் பார்த்திருக்கிற வீட்டுக்கு வாடகை ரூ.8 ஆயிரம். "மாசம் ஏழாயிரம் மிச்சம்" என்று வீட்டம்மா சந்தோஷப்படுவார். நியாயம்தான். ஆனால் அந்த மிச்சம் அடுத்த மாதத்திலிருந்துதான்.

மாறுகிற மாதத்தில் என்ன நடக்கும்? பழைய வீட்டுக்குக் கடைசி மாத வாடகை 15 ஆயிரம். புது வீட்டுக்கு முதல் மாத வாடகை 8 ஆயிரம். மூன்று மாத அட்வான்ஸ் 24 ஆயிரம். புரோக்கர் மூலம் வீடு பிடித்திருந்தால் ஒரு மாத வாடகை கமிஷன், இன்னொரு 8 ஆயிரம். கூட்டிப் பாருங்கள். ரூ.55 ஆயிரம்! லாரி டிரைவர் முகத்தையே இன்னும் பார்க்கவில்லை.

"பழைய வீட்டு அட்வான்ஸ் வருமே?" என்று கேட்கலாம். வரும். எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று அது சொல்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு மாதம்! அதாவது வீட்டுக்காரர் சட்டப்படி நடந்துகொண்டாலும், லாரி கிளம்புகிற அன்று அந்தப் பணம் கையில் இருக்கும் என்று நம்ப முடியாது. வராத பணத்தை வரவில் எழுதினால், புது ஊரில் முதல் வாரமே கடன்தான்.

இன்னொன்று. "பெயிண்ட் அடிக்க ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்குவேன்" என்பது சென்னையில் பழகிப்போன வசனம். எழுத்து ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று இந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. குடியிருந்தவர் செய்த சேதம் வேறு விஷயம். ஆகவே காலி செய்வதாகச் சொல்வதற்கு முன்னால் ஒப்பந்தத்தை ஒரு தடவை எடுத்துப் படித்துப் பார்ப்பது நல்லது. பீரோவின் அடித்தட்டில்தான் இருக்கும்!

எந்த மாதம்?

பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மே மாதம்தான் மாற்றல் மாதம். எல்லோருக்கும் அதே மாதம் என்பதால் லாரிக்கும் கிராக்கி, கூலி ஆளுக்கும் கிராக்கி. அதிலும் மாதக் கடைசி சனி, ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். மாத நடுவில், வாரநாளில் கிளம்பினால் வண்டி கிடைப்பதும் சுலபம், பேரம் பேசுவதும் சுலபம்.

ஜூன் வந்துவிட்டால் குற்றாலத்தில் சீசன். தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் ரூம் வாடகையை நாளுக்கு நாள்தான் பேசுவார்கள். "லாட்ஜில் நாலு நாள் தங்கி வீடு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஜூலையில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவது புத்திசாலித்தனம் ஆகாது. வீடு பார்க்க வருகிறவர்கள் சீசனுக்கு முன்பே ஒரு நடை தனியாக வந்து தென்காசி டவுன், மேலகரம், இலஞ்சி என்று சுற்றிப் பார்த்து முடிவு செய்துவிடவேண்டும். அந்த ஒரு நடைச் செலவு வீண் செலவு அல்ல.

சீசனில் இன்னொரு தொல்லை சாரல். குளிக்க வருகிறவர்களுக்கு அது சுகம். திறந்த லாரியில் மெத்தை ஏற்றி வருகிறவர்களுக்கு அது சோதனை. மரத்தூள் பலகையில் செய்த மேஜை, அலமாரி நனைந்தால் உப்பிவிடும். பிறகு கதவு மூடாது. தார்பாய் யார் பொறுப்பு என்பதை வாடகை பேசும்போதே பேசிவிடவேண்டும்.

ஆடி மாதம் பால் காய்ச்சமாட்டோம் என்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆனி முடிவதற்குள் காரியம் முடியவேண்டும். இல்லாவிட்டால் ஆவணிதான். அதுவரை ஒருவர் தென்காசியில், குடும்பம் சென்னையில் என்றால் இரண்டு அடுப்பு எரியவேண்டும். அந்தச் செலவையும் எழுதிக்கொள்ளவேண்டும்.

சாமானைக் குறைத்தால் லாபமா?

"தேவையில்லாததை விற்றுவிடுங்கள், வண்டி வாடகை குறையும்" என்று எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை!

லாரிக்காரர் ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக வாடகை போடுவதில்லை. வண்டிக்குத்தான் போடுகிறார். பத்து சாமானைக் குறைத்த பிறகும் அதே பெரிய வண்டிதான் வரவேண்டும் என்றால், பத்து சாமானையும் இழந்ததுதான் மிச்சம். ஒரு அளவு சின்ன வண்டியில் எல்லாம் அடங்கிவிடுகிற அளவுக்குக் குறைத்தால்தான் லாபம். ஆகவே முதலில் ஆளைக் கூட்டிவந்து சாமானைக் காட்டி, எந்த வண்டி என்று தெரிந்துகொண்டு, பிறகு எதை விற்பது என்று முடிவு செய்யவேண்டும்.

பழைய கட்டிலை இங்கே விற்றால் என்ன கிடைக்கும், அங்கே புதிது வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்டுவைத்துக்கொள்ளவேண்டும். பாட்டி கொடுத்த ஆட்டுக்கல்லுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது வந்தே தீரும்.

இன்னொரு வழி ரிட்டர்ன் லோடு. தெற்கேயிருந்து சென்னைக்குச் சரக்கு ஏற்றி வந்த லாரி, காலியாகத் திரும்புவதைவிடக் கிடைத்த வாடகைக்கு வரத் தயாராக இருக்கும். மதுரை, திருமங்கலம், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகக் கேரளா போகிற வண்டிக்குத் தென்காசி நடுவழியில்தான் இருக்கிறது. வாடகை குறையும். ஆனால் நாள், நேரம் லாரிக்காரர் வசதிப்படிதான். நாலாம் தேதி வருகிறேன் என்ற வண்டி ஆறாம் தேதி வந்தால் பொறுத்துக்கொள்ள முடிகிறவர்களுக்கு இது சரி.

கையெழுத்து இல்லாமல் ஏற்றாதே!

போனில் ஒரு வாடகை சொல்வார்கள். சாமான் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, "சார், சொன்னதைவிட சாமான் ஜாஸ்தியா இருக்கே" என்று தலையைச் சொறிவார்கள். அப்போது வேறு வழி கிடையாது. வீட்டுச் சாவியைக் கொடுத்தாகிவிட்டது. சாமான் அவர்கள் கையில்!

இதற்கு ஒரே மருந்து பேப்பர். சாமான் பட்டியல், மொத்த வாடகை, இரண்டு பக்கத்து ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, டோல்கேட் பணம் எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும். எத்தனையாவது மாடி என்பதையும் எழுதவேண்டும். லாரி ஆபீசில் எல்.ஆர். ரசீது கேட்டு வாங்கவேண்டும்.

2007–ம் வருடத்துச் சாலைச் சரக்குச் சட்டத்தில் கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. சாமானின் மதிப்பைக் கூடுதலாக எழுதிக் கொடுக்காவிட்டால், சேதத்துக்கு லாரி கம்பெனியின் பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்கோடு நின்றுவிடும். புகார் நோட்டீசும், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் கொடுத்திருக்கவேண்டும். வாயால் சண்டை போட்டது கணக்கில் சேராது.

வழியில் இ–வே பில் இல்லை என்று யாராவது பயமுறுத்தினால் பயப்படவேண்டாம். உபயோகித்த வீட்டுச் சாமான்களுக்கு அது தேவையில்லை என்று ஜி.எஸ்.டி. விதியிலேயே இருக்கிறது.

ரெயிலில் எவ்வளவு?

குடும்பம் பெரும்பாலும் பொதிகை எக்ஸ்பிரசில்தான் வரும். எழும்பூரில் ராத்திரி ஏறினால் காலையில் தென்காசி. ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு ஒரு ஆளுக்கு 40 கிலோ சாமான் இலவசம். முழு டிக்கெட் நாலு பேர் என்றால் 160 கிலோ. உடைந்தால் ஆகாது, தொலைந்தால் ஆகாது என்கிற சாமான்களை இதில் அடக்கிவிடலாம். நகை, பத்திரம், பள்ளிக்கூட சர்டிபிகேட் எல்லாம் ஒருபோதும் லாரியில் போகக்கூடாது.

ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளை ரெயிலில் புக் செய்யலாம். பெட்ரோலை ஒரு சொட்டு இல்லாமல் எடுத்துவிடவேண்டும். ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் நகல் வேண்டும். சாக்கு சுற்றும் செலவு தனி. பொதிகை தென்காசியில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். கடைசி ஸ்டேஷன் செங்கோட்டை. வண்டியை எந்த ஸ்டேஷனில் இறக்குவார்கள் என்று புக் செய்யும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும். வந்ததும் எடுக்காவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும். சென்னை நம்பர் போர்டை மாற்றவேண்டியதில்லை. புது விலாசத்தை மட்டும் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவிக்கவேண்டும்.

கேஸ் சிலிண்டரை ரெயிலில் ஏற்றவே கூடாது. ரெயில்வே சட்டப்படி மூன்று வருடம் வரை ஜெயில் உண்டு!

சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு

மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு மாற்றல் படி உண்டு. 2017 ஜூலையில் வந்த 7–வது சம்பளக் கமிஷன் விதிப்படி, அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் ஒட்டுமொத்தமாகக் கிடைக்கும். சாமான் கொண்டுபோகக் கிலோ மீட்டருக்கு உச்சவரம்பு உண்டு. 4–ம் லெவல் வரை ரூ.15, 5–ம் லெவலுக்கு ரூ.25, அதற்கு மேல் ரூ.50 என்று வைத்தார்கள். அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போது இது 25 சதவீதம் ஏறும்.

15 ரூபாய்க்காரருக்கு 620 கிலோ மீட்டர் என்றால் ரூ.9,300. அதே தூரத்துக்கு 50 ரூபாய்க்காரருக்கு ரூ.31 ஆயிரம். இரண்டு பேருக்கும் லாரிக்காரர் கேட்பது ஒரே வாடகைதான்! சின்னக் குமாஸ்தாவுக்குத்தான் கை கடிக்கும். ரசீது இல்லாவிட்டால் அதுவும் சந்தேகம். 60 நாளுக்குள் பில் போடவேண்டும்.

கடைசிச் சம்பளச் சான்று புது ஆபீசுக்கு வந்து சேராவிட்டால் முதல் சம்பளம் தாமதம் ஆகும். அதைக் கையோடு வாங்கிக்கொண்டு கிளம்புவதே மேல்.

கேசும் பள்ளிக்கூடமும்

சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் சென்னை ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் பணமும் டிரான்ஸ்பர் வவுச்சரும் கொடுப்பார்கள். எப்போதோ கட்டிய பழைய டெபாசிட்தான் திரும்ப வரும். தென்காசியில் கட்டவேண்டியது புது ரேட். 2022 ஜூனில் ஒரு சிலிண்டருக்கு ரூ.1,450 ஆக இருந்த டெபாசிட்டை ரூ.2,200 ஆக்கினார்கள். இரண்டு சிலிண்டர்க்காரருக்கு இரண்டு மடங்கு.

8–ம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு டி.சி. வரத் தாமதம் என்பதற்காகப் புதுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக்கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் விலாசம் மாற்ற 8–ம் நம்பர் பாரம். இதற்கெல்லாம் காசு அதிகம் ஆகாது. அலைச்சல்தான்.

லாரி வந்து சேருகிற நேரத்தில் வீட்டுச் சாவியோடு ஒரு ஆள் தென்காசியில் இருக்கவேண்டும். குடும்பம் காலையில்தான் இறங்கும் என்றால், லாரி விடியற்காலை மூன்று மணிக்கே வந்து வாசலில் நிற்கும். இறக்குகிற ஆட்களை உள்ளூரிலேயே முதல் நாள் பேசி வைத்துவிட்டால், இருட்டில் பேரம் பேசவேண்டியதில்லை.

புது கேஸ் கனெக்ஷன் கைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். கரண்ட் அடுப்பு ஒன்று இருந்தால் பால் காய்ச்சிவிடலாம், சோறும் வடித்துவிடலாம். இல்லாவிட்டால் நாலு பேருக்கு மூன்று வேளை ஓட்டல் சாப்பாட்டையும் பட்ஜெட்டில் எழுதவேண்டியதுதான். செங்கோட்டை ரோட்டில் பிரானூர் பார்டர் பக்கம் பரோட்டா சால்னாவுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் அங்கே ஒரு தடவை சாப்பிட்டுப் பழகிவிட்டால், கேஸ் வந்த பிறகும் அந்தச் செலவு நிற்காது!