கரையூரில் வாழ்வோரும் வந்து செல்வோரும்

நெய்தல் நிலத்தூர்களைப் பண்டைத் தமிழர் பாக்கம் எனவும் பட்டினம் எனவும் இரு பெயரால் வழங்கினர். கடலை நம்பிக் குடியிருப்போரின் ஊர் பாக்கம். கலம் வந்து நிற்க, பிறநாட்டார் வந்து கூடும் பேரூர் பட்டினம். காவிரிப்பூம்பட்டினத்தில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்திருந்தன. கடலையடுத்த மருவூர்ப்பாக்கத்திற் பரதவர் வாழ்ந்த தெருக்களுக்கு அயலிலேயே யவனரும் பிற தேயத்து வணிகரும் தங்கியிருந்தமையைச் சிலப்பதிகாரத்தால் அறிகின்றோம். ஆகவே கரையூரில் இருப்பவன் யார், வந்தவன் யார் என்னும் வினா இன்று நேற்றுத் தோன்றியதன்று. அவ்வினாவுக்கு ஊர்கள் எவ்வாறு விடை கண்டன என்பதே ஆராயத்தக்கது. தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் வாழ்வோர் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சில கல் தொலைவிலுள்ள முல்லைத்தீவுக் கரையே போதிய சான்றாகும்.

முல்லைத்தீவுப் பட்டினம் ஒருபுறம் வங்கக் கடலையும் மறுபுறம் நந்திக்கடலையும் எல்லையாகக் கொண்டது. 1803ஆம் ஆண்டிற் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய கோட்டை இங்கேதான் இருந்தது. எனினும் இவ்வூரின் வாழ்வை ஆள்வது கோட்டையன்று, காற்றேயாம். சோளகம் வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை மேற்குக் கரை கொந்தளிக்கக் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கியதும் இந்நிலை தலைகீழாக மாறும். ஆதலினால் நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரையூர்களின் மீனவர் சோளகக் காலத்திற் படகு, வலை, சமையற் பாத்திரங்களுடன் நாயாறு, கொக்கிளாய் முதலிய இடங்களுக்கு வந்து, கிடுகால் வேய்ந்த வாடிகளில் தங்கித் தொழில் செய்து, ஐப்பசி மழைக்கு முன்னர் மீளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அவருட் பெரும்பாலோர் கத்தோலிக்கர். தமிழும் சிங்களமும் கலந்து பேசுவோர் பலர்.

வாடி வீடன்று. அதற்கு அத்திவாரம் இல்லை, மதில் இல்லை, காணி உறுதி இல்லை. காற்று மாறியதும் அதன் பயன் முடிந்துவிடும். வந்தவனை வெளியேற்றும் பொறுப்பைக் காற்றே ஏற்றிருந்தமையால் ஊரவனுக்கும் வந்தவனுக்கும் இடையே வழக்கு மிகுதியாக எழவில்லை. இதனை நல்லிணக்கம் என்று மிகைபடக் கூறுதல் வேண்டா. அடுத்த ஆண்டும் முகம் பார்க்க வேண்டியவர்களின் நடைமுறை அறிவு எனக் கொள்ளுதலே பொருந்தும்.

இவ்வறிவின் மற்றொரு வடிவம் கரைவலைப் பாடு. கரைவலையின் ஒரு தலைக் கயிற்றைக் கரையில் விட்டு, வள்ளம் கடலுட் சென்று அரைவட்டமாக வலையை வளைத்து, மறுதலைக் கயிற்றுடன் வேறோரிடத்திற் கரை சேரும். பின்னர் இரு அணியாக நின்று இழுப்பர். இக்காலத்தில் உழவு இயந்திரம் கொண்டு இழுப்பாரும் உளர். நடுவிலுள்ள மடியில் மீன் திரளும். இதற்குக் கல்லற்ற கடற்றரையும் தடையற்ற நீண்ட மணற்கரையும் வேண்டும். அவ்வாறு குறிக்கப்பட்ட கரைத்துண்டே பாடு எனப்படும். அது விற்கத்தக்க நிலமன்று. வளைக்கும் உரிமை மட்டுமே. ஒரு பாட்டில் வலைகள் பலவாயின் முறைவைத்து வளைப்பர். சம்மாட்டி எத்துணைச் செல்வனாயினும் தன் முறை வரும்வரை வலையைக் கரையிலேயே வைத்திருத்தல் வேண்டும். கடலை எவனும் சொந்தமாக்காமல் எல்லோரும் பிழைக்க வகுத்த இவ்வொழுங்கு நமது சட்ட அறிஞரின் கவனத்தை இன்னும் கூடுதலாகப் பெற்றிருக்க வேண்டியது.

பாட்டின் இயல்பை அறிந்தால் அதன் மெலிவும் விளங்கும். வளைக்கும் எல்லைக்குள் ஒருவர் வேறு வலையை விரித்துவிட்டால், அல்லது இழுக்கும் கரையில் ஒரு கொட்டில் எழுந்துவிட்டால், அப்பாடு பயனற்றதாகும்.

1984ஆம் ஆண்டின் இறுதியில் இனப்பகை இக்கரையை மூடிற்று. நாயாற்றிலும் கொக்கிளாயிலும் வாடிகள் தாக்கப்பட்டன. அவற்றையடுத்து அங்கு வழிவழியாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஊரைவிட்டு நீங்க நேர்ந்தது. வந்து செல்வோர் வருகையும் நின்றது; இருந்தோர் இருப்பும் அழிந்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் தண்ணீரூற்று முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அவருட் பலர் புத்தளத்தில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். அங்கே வாழ்ந்தும் வந்தேறிகள், இங்கே வாழாமலும் ஊரவர் என்னும் நிலை அவர்க்கு வாய்த்தது. வாழ்தல் என்பது உடல் இருக்கும் இடமா, பெயர் இருக்கும் பதிவேடா என்பது அவர்களுக்கு ஏட்டுக் கேள்வியன்று.

2004 டிசெம்பர் 26ஆம் நாட் காலை ஆழிப்பேரலை முல்லைத்தீவு மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. புகாரைக் கடல்கொண்ட செய்தியை மணிமேகலையிற் கற்பித்த ஆசிரியரும் கற்ற மாணவரும் அதனைக் கதையென்றே அதுவரை எண்ணியிருத்தல் கூடும். பேரலைக்குப் பின் கரையிலிருந்து தெற்கில் 100 மீற்றரும் வடக்குக் கிழக்கில் 200 மீற்றரும் கட்டடம் எழுப்பலாகாதென அறிவிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. உயிர்காக்கும் நோக்கம் நல்லதே. ஆயின் மீனவன் அலையின் நிறத்தைப் பார்த்தே தொழிலுக்குப் புறப்படுபவன். அவனை உள்நாட்டிற் குடியேற்றிவிட்டு வெறுங் கரையை வருவோர்க்குத் திறந்து வைத்தல் எத்தகைய திட்டம் என்னும் ஐயம் அன்றே எழுந்தது.

இவ்வையத்துக்கு ஸ்பானியா நாட்டின் மத்தியதரைக் கடற்கரை தக்க உரைகல்லாகும். பெனிடோர்ம் என்பது அலிகாந்தே மாகாணத்துச் சிற்றூர். அதன் ஆடவர் சூரை மீன் பிடிக்கக் கடலிற் பெரும் பொறிவலைகளை நிறுத்துவதில் வல்லுநர். அத்தொழில் வீழ்ச்சியடைந்தபின் 1956ஆம் ஆண்டில் அவ்வூர் புதிய நகரத் திட்டமொன்றை ஏற்று, உல்லாசப் பயணிகளுக்காக வானளாவிய விடுதிகளைக் கட்டத் தொடங்கிற்று. இன்று ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் பதிவு பெற்று வாழும் அவ்வூரிற் கோடைகாலத்தில் அதனைப் போற் பன்மடங்கினர் நிறைகின்றனர். 2024ஆம் ஆண்டில் ஸ்பானியாவுக்கு வந்த பிறநாட்டார் தொகை 9 கோடி 30 இலட்சத்தைக் கடந்தது. இதனால் விளைந்த செல்வத்தை மறுத்தல் நேர்மையாகாது. வறுமையால் மக்கள் பிறநாடு சென்று கூலி வேலை செய்த தேசம் அது.

எனினும் அங்கு வந்து செல்வோரைத் திருப்பி அனுப்பும் காற்று இல்லை. குளிர்நாடுகளிலிருந்து ஓய்வூதியம் பெற்று வந்தோர் தொரெவியேகா முதலிய ஊர்களில் வீடு வாங்கி ஆண்டிற் சில திங்களோ முழுவதுமோ தங்குவர். ஸ்பானிய ஊராட்சிகளில் குடியிருப்போர் பதிவேடு ஒன்று உண்டு. அரசு ஊராட்சிக்கு அளிக்கும் நிதி பெரும்பாலும் அப்பதிவேட்டின் தொகையைப் பொறுத்தது. பதியாமல் வாழ்வோர் நீரையும் குப்பை வண்டியையும் காவலையும் பயன்படுத்துவர், கணக்கிலோ இல்லாதவராவர். மறுதலையாக, ஊரிற் பிறந்த இளைஞன் பதிவேட்டில் இருந்தும் வாடகை கொடுக்க இயலாது நகரெல்லைக்கு வெளியே போகிறான். 2024இல் மலாகாவிலும் பார்சலோனாவிலும் கனேரித் தீவுகளிலும் மக்கள் வீதிக்கு வந்து முறையிட்டது பயணியை வெறுத்தன்று, வீட்டைக் கேட்டேயாகும்.

கரையைச் சட்டத்தால் காக்க அந்நாடு முயலாமல் இல்லை. 1988ஆம் ஆண்டுக் கரையோரச் சட்டம் கடற்கரை பொதுச் சொத்தென உறுதிசெய்து, அதனையடுத்த 100 மீற்றர் நிலத்தைப் பொதுவாகக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. முன்னரே கட்டிய வீட்டுக்காரர் பலர் தம் வீட்டின் உரிமையாளராகவன்றி உரிமம் பெற்றோராக மாறினர். 2013இல் அவ்வுரிமம் 75 ஆண்டுவரை நீட்டப்படலாயிற்று. இலங்கையில் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் நிலப்புறம் 300 மீற்றரையும் கடற்புறம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாகக் கொள்கிறது. இரு சட்டங்களும் கட்டடத்தை நோக்குவன. வளைக்கும் முறையை நோக்குவன அல்ல. பொதுச் சொத்து என்னும் சொல்லுக்குள் முறைவைத்துப் பயன்கொள்ளும் ஊரவன் எவ்விடத்தில் நிற்கிறான் என்பது இரண்டிலும் தெளிவாகவில்லை.

2009 மே மாதத்திற் போர் முடிவுற்றது இந்நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் நிலத்திலேயே. அதன்பின் தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்தோர், 2006இற் கரைதட்டிய பாரா 3 என்னும் யோர்தானியக் கப்பலின் துருப்பிடித்த உடலைப் பார்த்துச் சென்றனர். ஆண்டுதோறும் மே 18இல் இறந்தோரை நினைந்து வருவோரும் உளர். இவ்விரு வருகையையும் ஒரு சொல்லால் குறிப்பது மொழியின் வறுமை.

மீள்குடியேறியோர் கரைக்குத் திரும்பியபோது மேற்குக் கரை மீனவரும் திரும்பினர். ஆனால் பழைய உடன்பாடு திரும்பவில்லை. வெளியிணைப்பு இயந்திரப் படகும் கைவிளக்கின் இடத்தைப் பற்றிய மின்னொளியும் காற்றின் கட்டளையை வலுவிழக்கச் செய்தன. வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடித்தல் முதலிய தடைசெய்யப்பட்ட முறைகளுக்கு எதிராக 2018 ஓகத்தில் முல்லைத்தீவு மீனவர் போராடினர். அத்திங்களிலேயே நாயாற்றில் தமிழ் மீனவரின் வாடிகள் தீக்கிரையாயின. ஒரு காலத்தில் வந்தவனுக்கு அடையாளமான வாடி, ஊரவனின் உடைமையாகி எரிந்தமை கவனிக்கத்தக்கது.

இக்கரைக்கு மூன்றாவதொரு வருகையும் உண்டு. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்துக்குக் கொணர்ந்து, அவ்வுப்புநீரில் விளக்கேற்றும் மரபு இன்றும் வழுவாது நடைபெறுகின்றது. உள்ளூர் வேளாளரும் கரையூராரும் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தோரும் ஒரு குடத்தின் பின் நடக்கின்றனர். கரையிலிருந்து அவர் கொண்டு செல்வது ஒரு குடம் நீர் மட்டுமே.

பொங்கல் முடிந்து சோளகமும் ஓய்ந்து மழை தொடங்கினால் நந்திக்கடல் பெருகும். வட்டுவாகலில் மணல் மூடிய தொடுவாயை உரிய நாளில் வெட்டிவிடாவிடின் கரையோர வயல்கள் மூழ்கும். முந்தி வெட்டினால் களப்பு இறால் கடலோடு போய்விடும். எந்நாளில் வெட்டுவதென்று கமக்காரரும் களப்பு மீனவரும் கூடி வாதிடுவர். அவ்வாதம் கார்த்திகை, மார்கழியில் நிகழ்வது. வெளியூர் வாடிகள் அப்போது வெறிச்சோடியிருக்கும். மண்வெட்டி பிடிக்க நிற்பவர் ஊரவர் மட்டுமே.