நிழல் முற்றத்துக்கு ஒரு செம்பூங்கொடி

கோலார் தங்கவயலுக்கு ஒரு காலத்தில் 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயர் இருந்தது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியில் இறங்கியபின் இங்கு குடியேறிய ஆங்கிலேயர், ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரின் இதமான காலநிலையை விரும்பிப் பங்களாக்களும் தோட்டங்களும் அமைத்தனர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் வாசலில் நான்கு பூச்செடி வளர்க்கும் விருப்பம் நம்மை விட்டு நீங்கவில்லை.

நிழல் விழும் முற்றத்துக்கு உகந்தது எனப் பலரும் தேடும் செடி 'பிளீடிங் ஹார்ட்'. இப்பெயரில் இருவேறு செடிகள் விற்கப்படுகின்றன. வாங்குமுன் அவற்றைப் பிரித்தறிவது நம் பணத்தைக் காக்கும்.

முதலாவது சைபீரியா, வட சீனம், கொரியா ஆகிய குளிர்நாடுகளுக்குரியது. இதய வடிவப் பூக்கள் வளைந்த தண்டில் வரிசையாகத் தொங்கும். பனிக்காலம் முழுவதும் மண்ணுக்குள் உறங்கினால்தான் இது ஆண்டுதோறும் துளிர்க்கும். அத்தகைய கடுங்குளிர் இங்கு இல்லாததால், படத்தைப் பார்த்து வாங்கும் கிழங்கு நமக்கு நிலைப்பதரிது.

இரண்டாவது மேற்கு ஆப்பிரிக்கக் கொடி. தாம்சன் என்னும் மறைபரப்பாளரின் மனைவி நினைவாகக் 'கிளீரோடென்ட்ரம் தாம்சோனியே' எனப் பெயர் பெற்றது. வெண்ணிறப் புல்லிவட்டத்திலிருந்து செம்பூ எட்டிப் பார்க்கும். நமக்கேற்றது இதுவே.

ஒரு சாண் நீளமுள்ள, பாதி முற்றிய தண்டை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். செம்மண், மணல், மட்கிய சாண எரு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து தொட்டியில் நிரப்பலாம். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் வேண்டும். முழு நிழலில் இலை செழித்துப் பூ குறையும். மேல்மண் உலர்ந்தபின் நீர் ஊற்றுவோம். தேங்கினால் வேர் அழுகும். புதுத்தளிரிலேயே பூப்பதால், ஒரு பருவப் பூ முடிந்ததும் கவாத்து செய்ய வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: அருகில் கிடைக்கிறதே என்று சயனைடு மேட்டிலிருந்து மணல் அள்ள வேண்டாம். அது பொன்னைப் பிரித்தபின் கொட்டிய பாறைத்தூள். அதில் செடிக்கான சத்தில்லை. வேதிப்பொருள் எச்சங்கள் உண்டு. தொட்டி மண்ணைக் குழந்தைகளும் தொடுவார்கள் என்பதை மறவாதிருப்போம். காற்றுக் காலத்தில் இலைகளில் படியும் தூசியை நீர் தெளித்துக் கழுவுவதும் நன்று.

கவாத்தில் விழும் தண்டுகளை எறிந்துவிடாமல் பக்கத்து வீட்டாருக்குக் கொடுப்போம். ஒரு கொடிக்குச் செலவிட்ட பணத்தில் ஒரு தெருவே பூக்கும்.