தூசி உறிஞ்சும் யந்திரமும் அதன் மூச்சும்



உத்தியோகத்தின் பொருட்டு வடநாட்டு நகரங்களில் குடியேறியுள்ள நமக்குத் தூசி என்பது ஆண்டு முழுவதும் தொடரும் தொல்லையாகும். சித்திரை, வைகாசி மாதங்களில் தில்லியில் ‘ஆந்தி’ என்று வழங்கும் புழுதிக் காற்று எழுந்துவிட்டால், சாத்திய ஜன்னலையும் மீறி மேஜையின் மீதும் மெத்தையின் மீதும் மண் படிகிறது. துடைப்பமோ, தரையில் உள்ள நுண்தூசியின் ஒரு பகுதியை எழுப்பி மீண்டும் காற்றிலேயே கலந்துவிடுகிறது. ஆஸ்துமா நோயால் வருந்தும் முதியோரும் குழந்தைகளும் உள்ள இல்லத்தில், தூசி உறிஞ்சும் யந்திரத்தை ஆடம்பரப் பொருள் என்று ஒதுக்கிவிட இயலாது. 1982-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தார் வீடு வீடாகச் சென்று இயக்கிக் காட்டி விற்கத் தொடங்கியது முதல், நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களுக்கும் இந்த யந்திரம் நன்கு அறிமுகமாயிற்று.

ஆயினும், வாங்கிய சில ஆண்டுகளுக்குள் அது பரண் ஏறிவிடும் வீடுகள் பல. பழுது பார்ப்பவர் வருகிறார். ஒருமுறை இயக்கிப் பார்க்கிறார். ‘மோட்டார் ஜல் கயா’ என்கிறார். மோட்டார் எரிந்துவிட்டது என்பது பொருள். அத்தீர்ப்பு மெய்யாகவும் இருக்கலாம். ஆனால், சில நிமிடங்களில் நாமே நீக்கக்கூடிய அடைப்பு ஒன்றுக்கும் அதே தீர்ப்பு வழங்கப்படுவதுண்டு. அதனால் நேரும் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. யந்திரத்தை அன்றாடம் கையாளும் பணிப்பெண்ணை நோக்கி, “நேற்றுவரை நன்றாக ஓடியதே, நீ என்ன செய்தாய்?” என்ற கேள்வி எழுகிறது. செய்யாத குற்றத்துக்கு அவள் பதில் சொல்ல நேரிடுகிறது. ஆகவே, நோய் இன்னதென்று அறிந்த பின்னரே தீர்ப்புக் கூறுவது முறை.

இந்த யந்திரத்தின் ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்தால் ‘வெற்றிடத் துப்புரவுக் கருவி’ என்றாகும். பெயர் சற்றே வழிதவறச் செய்வது. யந்திரத்தினுள் முழு வெற்றிடம் எதுவும் உண்டாவதில்லை. காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 5-இல் 1 பங்கு குறைகிறது, அவ்வளவே. அக்குறைவை நிரப்ப வெளிக்காற்று விரைந்து உட்புகுகிறது. அந்த ஓட்டமே தூசியை அள்ளிச் செல்கிறது.

1901-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர், ஊதித் தூசியை விரட்டும் கருவி ஒன்றைக் கண்டு, ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்னவென்று எண்ணினார். உணவு விடுதி ஒன்றின் நாற்காலி மெத்தைமேல் கைக்குட்டையை விரித்து, வாயால் உறிஞ்சிப் பார்த்தார். காற்று துணியைக் கடந்தது. தூசி துணியிலேயே தங்கிவிட்டது. 1907-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஓஹியோ மாநிலத்தில், ஆஸ்துமாவால் வருந்திய துப்புரவுப் பணியாளரான ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்களர், விசிறி மோட்டாரையும் துடைப்பக் கழியையும் தலையணை உறையையும் இணைத்து, வீட்டுக்கேற்ற சிறு யந்திரம் ஒன்றைச் செய்தார். 1908-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். கைக்குட்டை, தலையணை உறை, இன்றைய பை, வடிகட்டி ஆகிய அனைத்துக்கும் வேலை ஒன்றே: காற்றை விடவேண்டும், தூசியைத் தடுக்கவேண்டும்.

இதிலிருந்து இன்னொரு முக்கியமான உண்மையும் விளங்கும். வீடுகளில் வழங்கும் உலர்தூசி யந்திரங்கள் பெரும்பாலானவற்றில், உறிஞ்சப்பட்ட காற்றுதான் மோட்டாரைக் கடந்து சென்று அதைக் குளிர்விக்கிறது. எனவே காற்றோட்டம் தடைப்பட்டால் துப்புரவும் குறைகிறது, மோட்டாரும் சூடேறுகிறது. சுருங்கச் சொன்னால், யந்திரத்தின் உயிர் அதன் மூச்சில் இருக்கிறது.

இனி, அடிக்கடி காணும் குறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, உறிஞ்சும் வலிமை குறைதல். இதில் ஒலி நமக்கு வழிகாட்டும். வழக்கத்தைவிட உரத்த, மெல்லிய கீச்சொலி எழுந்தால், யந்திரம் கூடுதலாக உழைக்கிறது என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. பாதை அடைபட்டதால் விசிறி தள்ளவேண்டிய காற்றின் அளவு குறைகிறது. சுமை குறைந்த மோட்டார் வேகம் மிகுந்து சுழல்கிறது. அவ்வொலியைக் கேட்டவுடன் நிறுத்திவிடவேண்டும்.

அடைப்பு எங்குள்ளது என்றறிய எளிய சோதனை ஒன்றுண்டு. சுவிட்சை அணைத்து, வளைகுழாயை யந்திரத்திலிருந்து கழற்றுங்கள். மீண்டும் இயக்கி, யந்திரத்தின் வாயில் உள்ளங்கையைச் சற்றே வைத்துப் பாருங்கள். இழுப்பு வலுவாக இருந்தால் குறை குழாயிலோ தூரிகையிலோ உள்ளது. இழுப்பு மெலிவாக இருந்தால் பையோ வடிகட்டியோ நிரம்பியிருக்கிறது என்று கொள்ளலாம். குழாயின் ஒரு முனை வழியே ஒரு நாணயத்தைப் போட்டால், அது மறுமுனைக்கு வந்து சேரவேண்டும். வராவிடில் மழுங்கிய கழி ஒன்றால் மெல்லத் தள்ளலாம். கம்பியால் குத்தினால் குழாய் கிழியும். எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில், எரிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட யந்திரத்தின் குழாய் வளைவிலிருந்து ஒரு குழந்தையின் காலுறை வெளிவந்தது. அதன்பின் யந்திரம் பழையபடி ஓடிற்று.

வடிகட்டியைப் பொறுத்தவரை, கழுவத்தக்கதென்று குறிப்பேட்டில் சொல்லப்பட்டிருந்தாலன்றி நீரில் இடுதல் ஆகாது. கழுவியதை ஒரு நாள் முழுதும் நிழலில் உலர்த்திய பிறகே பொருத்தவேண்டும். ஈரம் எஞ்சியிருந்தால் தூசி சேறாகப் படிந்து நாற்றம் எழும். மாக்கோலப் பொடி, சுண்ணாம்புத் தூள், சிமெண்டுத் தூள் போன்ற நுண்பொடிகள் வடிகட்டியின் துளைகளை விரைவில் அடைத்துவிடும். இவற்றை முதலில் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடுதல் நலம். ஊதுவத்திச் சாம்பலில் கனல் மறைந்திருக்கலாம். அது பைக்குள் சென்றால் தீப்பற்றும் அபாயமுண்டு. உலர்தூசி யந்திரத்தால் நீரை உறிஞ்சுவது மோட்டாருக்கு மட்டுமன்றி நம் உயிருக்கும் ஆபத்து.

இரண்டாவது, பின்புறத்திலிருந்து தூசி வெளிவருதல். பை கிழிந்திருக்கலாம், அல்லது வடிகட்டி சரியாகப் பொருந்தாமல் இடைவெளி இருக்கலாம். இதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், தரையில் கிடந்த நுண்தூசியை நாமே மூச்சுக்காற்றில் கலக்கிறோம். நோயாளி உள்ள வீட்டில் இது யந்திரம் இல்லாமையைவிடத் தீமையானது. ‘ஹெப்பா’ என்னும் உயர்தர வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்க வல்லது. ஆனால் விளிம்பில் இடைவெளி இருந்தால் அந்தச் சிறப்பும் வீணே.

மூன்றாவது, ஓடிக்கொண்டிருக்கையில் திடீரென்று நின்றுபோதல். பல யந்திரங்களில், சூடு மிகுந்தால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனம் உண்டு. பிளக்கைப் பிடுங்கி, அடைப்பை நீக்கி, ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். மீண்டும் ஓடினால் மோட்டார் சாகவில்லை. மறுபடியும் நின்றால் தொடர்ந்து இயக்கவேண்டாம்.

நான்காவது, மின்சாரம் பற்றியது. 1,200 வாட் யந்திரம் 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்குச் சற்று அதிகமாக இழுக்கிறது. 6 ஆம்பியர் துளைப்பெட்டிக்கு இதுவே ஏறத்தாழ எல்லை. எனவே மெல்லிய நீட்டிப்புக் கம்பியிலோ, இஸ்திரிப் பெட்டியோடு ஒரே பலகையிலோ இணைத்தல் தகாது. சுருண்டு உள்ளடங்கும் வடத்தை மஞ்சள் குறி தெரியும்வரை வெளியே இழுங்கள். சுருளிலேயே கிடக்கும் வடம் சூடேறும். சிவப்புக் குறிக்கு மேல் இழுக்கலாகாது. பழுது பார்க்கத் தொடங்குமுன், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்கிவிடவேண்டும்.

அண்மைக் காலத்துக் கம்பியில்லாக் கருவிகளில் சுழலும் தூரிகை உண்டு. அதில் நீண்ட தலைமுடி சுற்றிக்கொண்டால் சுழற்சி நின்றுவிடும். கத்தரியால் நீளவாட்டில் வெட்டி எடுக்கலாம். முழுதும் மின்னேற்றிய பின்னும் சில நிமிடங்களே ஓடுமானால், பாதையில் அடைப்பில்லை என்று கண்ட பிறகே பாட்டரியைக் குறைகூறவேண்டும்.

இவையனைத்தும் செய்தும் பயனில்லையெனில், அப்போதே பழுது பார்ப்பவரை அழைக்கலாம். மோட்டாரின் உள்ளே மிகுதியாகத் தீப்பொறி தெரிந்தாலோ, யந்திரம் விட்டுவிட்டு ஓடினாலோ, ‘கார்பன் பிரஷ்’ தேய்ந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள். மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்க்கும் இவ்விரு கரித்துண்டுகளும் நாளடைவில் தேயும் இயல்புடையன. மாற்றுவதற்கு ஆகும் செலவு, புது மோட்டாரின் விலையில் சிறு பகுதியே. கரகரவென்ற ஒலி எழுந்தால் தாங்கு உருளை தேய்ந்திருக்கலாம் என்று சொல்லுங்கள். மொழி முற்றும் வசப்படாத ஊரில், குறையின் பெயரைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருப்பதே ஒரு பாதுகாப்பு.

இதையெல்லாம் வீட்டுத் தலைவர் மட்டும் அறிந்து பயனில்லை. யந்திரத்தைத் தள்ளிச் செல்லும் பணிப்பெண்ணுக்கும் பை நிரம்பியதன் அடையாளத்தையும் கீச்சொலியின் பொருளையும் சொல்லிக் கொடுங்கள். வாரம் ஒருமுறை பையைப் பார்ப்பது, மாதம் ஒருமுறை வடிகட்டியைத் தட்டுவது என்ற வழக்கம் ஏற்பட்டுவிட்டால், யந்திரமும் நெடுநாள் உழைக்கும். வீட்டில் ஒருவர் மீது வீண்பழி விழுவதும் ஒழியும்.