ஸ்பேனர் கேட்காத சக்கரம்

சைக்கிள் பஞ்சரானதும் ஸ்பேனரைத் தேடுவோம். கியர் சைக்கிள்காரர்கள் பலருக்கு அந்தக் கவலை இல்லை. அச்சின் ஓரத்தில் உள்ள சிறு லீவரைத் திறந்து, எதிர்ப்புறத் திருகைத் தளர்த்தினால் சக்கரம் கையோடு வந்துவிடும். இதுதான் குயிக் ரிலீஸ்.

இதற்குப் பேர்போனவர் இத்தாலியப் பந்தய வீரர் துல்லியோ கம்பன்யோலோ. அன்றைய பந்தய சைக்கிள்களில் பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவில் பற்சக்கரம் உண்டு. ஏற்றம் வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்ட வேண்டும். 1920களில் ஒரு மலைப் பந்தயத்தில், குளிரில் விறைத்த விரல்களால், சக்கரத்தைப் பிடித்திருந்த விங் நட்டைத் திருக முடியாமல் அவர் தவித்தாராம். அதில் பிறந்த யோசனை இது என்பார்கள். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். 1933இல் அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் சைக்கிள் பாகங்கள் செய்கிறது.

லீவருக்குள் மையம் விலகிய ஓர் உருளை இருக்கிறது. லீவரை மடக்கும்போது அது அச்சினூடே செல்லும் கம்பியை இழுத்து இறுக்கும். பலர் லீவரையே நட்டுபோலச் சுற்றி முறுக்குகிறார்கள். அது தவறு, ஆபத்தும்கூட. பாதி மடக்கும்போதே கை அழுத்தத்தை உணர வேண்டும். முழுதும் மடக்கியதும் உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். லேசாக மூடிக்கொண்டால் திறந்து, எதிர்ப்புறத் திருகைச் சற்று இறுக்கி மறுபடி மடக்குங்கள்.

கிளம்பும் முன் முன்சக்கரத்தைத் தூக்கி மேலிருந்து ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். அசைந்தால் ஏறாதீர்கள்.