குறுக்குக்கோட்டுக்குக் கீழே ஏன் அந்தக் கோடுகள்?

மாணவர்களே, துப்பாக்கித் தோட்டா நேர்க்கோட்டில் பாயும் என்றுதானே நினைக்கிறீர்கள்? குழலை விட்டு வெளியேறிய கணமே ஈர்ப்பு விசை அதைக் கீழே இழுக்கத் தொடங்கிவிடுகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். தோட்டாவின் வேகம் வினாடிக்கு 800 மீட்டர் என்று கொள்வோம். காற்றுத் தடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 200 மீட்டரைக் கடக்க 0.25 வினாடி ஆகும். அதற்குள் அது சுமார் 0.3 மீட்டர் விழும். 400 மீட்டருக்கு 0.5 வினாடி, வீழ்ச்சி சுமார் 1.2 மீட்டர். தூரம் இரு மடங்கு, வீழ்ச்சியோ நான்கு மடங்கு! காற்றுத் தடையைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் பல துப்பாக்கித் தொலைநோக்கிகளில், குறுக்குக்கோட்டுக்குக் கீழே சிறு கோடுகள் இருக்கும். தூரத்திற்குரிய கோட்டை இலக்கின்மேல் வைத்தால், குழல் சற்றே மேல்நோக்கி உயரும், வீழ்ச்சி ஈடாகும்.

ஆனால் அக்கோடுகள் குறிப்பிட்ட தோட்டாவுக்கும் வேகத்துக்கும் மட்டுமே பொருந்தும். பல கருவிகளில் உருப்பெருக்கத்தை மாற்றினாலே கணக்குத் தவறிவிடும். தவறினால், மான் உடனே சாகாமல் காயத்தோடு ஓடித் துடிக்கும். எனவே பொறுப்புள்ள வேட்டைக்காரர், முதலில் பயிற்சித் திடலில் ஒவ்வொரு தூரத்திலும் சுட்டுச் சரிபார்ப்பார்.

சூத்திரத்தைச் சோதித்த பிறகே நம்ப வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நாம் கற்பதும் அதுதானே?